சாயுற குடம்: மருந்து ஆராய்ச்சியில குலுக்கல் நடுவழியில மாறினால்?



போன எபிசோட்டில மருந்துப் பரிசோதனைகள் பற்றிக் கதைச்சம். அதுக்குப் பிறகு வந்த வாய்ஸ் நோட்டுகளில அரைவாசிக்கு மேல ஒரே கேள்விதான்: "ஒரு மருந்து நல்லா வேலை செய்யுது எண்டு பாதியிலயே தெரியவந்தால், மிச்ச ஆக்களையும் ஏன் இன்னும் காசு சுண்டிப் பிரிக்கினம்? கொம்பியூட்டர் அந்த நல்ல மருந்துப் பக்கம் கொஞ்சம் சாய்ச்சு விடலாம்தானே?"

சாய்ச்சு விடலாம். அப்பிடிச் செய்யிற முறை ஒன்று இருக்கு. இத்தாலியன் படிவங்களில அதை "ரந்தொமிட்ஸாட்ஸியோனே அதத்தீவா" என்று எழுதுவினம். 1933இல இருந்து அந்த யோசனை உலாவுது. ஆனால் அது நல்லது என்று சொல்லுற புள்ளியியல் ஆக்களும், வேண்டவே வேண்டாம் என்று சொல்லுற ஆக்களும் இன்றைக்கும் சண்டை பிடிச்சுக்கொண்டுதான் இருக்கினம். எபிசோட்டில மூன்று நிமிஷத்தில ஓடிப்போன விஷயத்தை இங்க ஆறுதலா எழுதுறம்.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? எங்களில கனபேர் வீட்டு மொழிபெயர்ப்பாளர்கள். குவெஸ்தூரா, கொமூனே, மெடிகோ தி பாஸே என்று பத்து வயசில இருந்தே அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில நின்று கதைச்சுப் பழகினவை. இப்ப அவையளுக்கு வயசு போகுது. சீனி வருத்தம், இருதய வருத்தம், கான்சர் என்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போகேக்க, "ஒரு ஆராய்ச்சியில சேர விருப்பமா?" என்று ஒரு நாள் டொக்டர் கேக்கலாம். கொன்சென்ஸோ இன்ஃபொர்மாத்தோவை வாசிச்சு விளங்கப்படுத்தப் போறது நீங்கள்தான். அதில ஒரு சொல்லைப் பிழையா விளங்கப்படுத்தினால், அவை வேற எதையோ எதிர்பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போடுவினம்.

குடமும் ஓலையும்

முதல்ல, குலுக்கலே ஏன் வேணும்? டொக்டர் தானே ஆளைப் பார்த்து, "இவருக்குப் புது மருந்து, அவருக்குப் பழைய மருந்து" என்று பிரிச்சால் என்ன? பிரச்சினை, அவர் நல்ல மனசோடதான் பிழை விடுவார். தப்பிப் பிழைக்கக்கூடிய இளம் ஆளுக்குப் புது மருந்தைக் குடுப்பார். அல்லது கை விட்ட நிலையில இருக்கிற ஆளுக்கு, "இதையாவது குடுத்துப் பார்ப்பம்" என்று குடுப்பார். கடைசியில ரெண்டு குழுவையும் ஒப்பிட்டால், நாங்கள் பார்க்கிறது மருந்தின்ர வித்தியாசமா, ஆக்களின்ர வித்தியாசமா என்று பிரிச்சறிய ஏலாது.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில குடவோலை முறை படிச்சது ஞாபகம் இருக்கோ? உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலம், 919ஆம், 921ஆம் ஆண்டுகள். ஊர்ச்சபைக்கு ஆள் தெரிய, பெயர்களை ஓலையில எழுதிக் குடத்துக்குள்ள போட்டு, என்ன ஏதென்று தெரியாத ஒரு சின்னப் பொடியனை விட்டு எடுக்கச் சொல்லுவினம். எடுத்த ஓலையை வாங்கிறவர் ஐந்து விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கி எல்லாருக்கும் கேட்க வாசிக்கவேணும். ஒளிச்சு மாத்த ஏலாது. இன்றைய மருந்துப் பரிசோதனையில "அடுத்த ஆள் எந்தக் குழுவுக்குப் போவார் என்று டொக்டருக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது" என்ற விதியும் இதே பயத்தில இருந்துதான் வந்தது. சின்னப் பொடியன்ர இடத்தில இப்ப ஒரு சேர்வர் இருக்கு.

குலுக்கல் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்றதுக்குச் சென்னையிலயே ஒரு சாட்சி இருக்கு. 1956இல சேத்துப்பட்டில காசநோய் ஆராய்ச்சி மையம் ஒன்று தொடங்கினது. அந்தக் காலத்தில காசநோய் என்றால் சானடோரியத்தில படுக்கவேணும், நல்ல சாப்பாடு, நல்ல காத்து வேணும் என்றது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு பகுதியைச் சானடோரியத்துக்கும், மற்றப் பகுதியை நெருக்கமான, வறுமையான அவையின்ர சொந்த வீடுகளுக்கும் அனுப்பினவை. மருந்து ரெண்டு பக்கமும் ஒன்றுதான். 1959இல முடிவு வந்தது: வீட்டில இருந்து மருந்து எடுத்தவையும் கிட்டத்தட்ட அதேயளவு நல்லா வந்தினம், வீட்டில இருந்த மற்ற ஆக்களுக்கும் அதால கூடுதலாத் தொத்தேல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில அந்தச் சென்னை முடிவுக்குப் பெரிய பங்கு இருக்கு. டொக்டர்மாரை விட்டுத் தெரியச் சொல்லியிருந்தால், ஒருத்தரும் தங்கட நோயாளியை அந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டினம்.

இது நேரான குலுக்கல். குடத்தில தொடக்கத்தில எத்தனை ஓலையோ, கடைசி வரைக்கும் அத்தனைதான்.

2020, இத்தாலி

2020 மாசி மாசக் கடைசி ஞாபகம் இருக்கும். தென் இத்தாலியின் முதல் கொரோனா நோயாளி எங்கட பாலெர்மோவிலதான் பதிவானவர்: பேர்கமோவில இருந்து சுற்றுலா வந்த ஒருத்தர். பங்குனி 9ஆம் திகதி இரவு நாடு முழுக்கப் பூட்டு.

அந்தப் பங்குனியில டிவியைத் திறந்தால் ஒரு மருந்தின்ர பெயர்: தொசிலிஸுமாப். மூட்டுவாத நோய்க்குக் குடுக்கிற மருந்து. உடம்பு தன்னைத் தானே தாக்கத் தொடங்கிற அந்த அழற்சிப் புயலை இது அடக்கும் என்று நாப்போலி டொக்டர்மார் குடுத்துப் பார்த்து, நல்ல செய்தி சொன்னவை. எல்லா ஆஸ்பத்திரியும் கேட்டது. நாட்டின் மருந்து அதிகார சபையான ஐஃபா, நாப்போலியின் பஸ்காலே நிறுவனம் நடத்தின ஒரு ஆய்வை அவசரமா அனுமதிச்சது. அந்த ஆய்வில குலுக்கல் இல்லை. சேர்ந்த எல்லாருக்கும் மருந்து. திறந்த கையோட இடம் நிரம்பிட்டுது. ஒப்பிடுறதுக்குக் குலுக்கிப் பிரிச்ச ஆக்கள் இல்லாதபடியால், "மருந்து இல்லாட்டி இத்தனை வீதம் பேர் செத்திருப்பினம்" என்று முன்கூட்டி ஊகிச்ச ஒரு எண்ணோட ஒப்பிடவேண்டி வந்தது.

அந்த நேரத்து மனநிலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை. பேர்கமோவில இராணுவ லொறிகளில பெட்டி ஏத்தின கிழமை அது. "உங்கட அப்பாவுக்குக் குலுக்கிப் பார்த்துத்தான் மருந்து" என்று ஆர் சொல்லுவினம்? ஆனால் வேலை செய்யுதா இல்லையா என்று அந்த ஆய்வால சொல்ல முடியேல்லை. அதுதான் விலை.

அதே நேரம் ரெஜ்ஜோ எமிலியா ஆக்கள் நேரான குலுக்கலோட இன்னொரு ஆய்வு தொடங்கினவை. 24 ஆஸ்பத்திரி, 398 பேர் திட்டம். 126 பேரோட ஆனி மாசம் நிறுத்திப் போட்டினம், ஏனென்றால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி: மருந்து எடுத்தவையில 28.3 வீதம் பேருக்கு நோய் கூடினது, எடுக்காதவையில 27 வீதம். "தொசிலிஸுமாப் சரிவரேல்லை" என்று பேப்பர்களில வந்தது.

கதை அங்க முடியேல்லை. மூன்றாவது ஒரு ஆய்வு வேற மாதிரி ஒரு குடத்தோட ஓடிக்கொண்டிருந்தது.

குடத்துக்குள்ள ஓலை கூடுது

அதைச் சொல்ல முதல் 1933க்குப் போகவேணும். அமெரிக்காவில யேல் பல்கலைக்கழக நோயியல் துறையில வில்லியம் தொம்சன் என்றொருத்தர் ஒரு கட்டுரை எழுதினார். அவற்ற கேள்வி எளிமையானது. ரெண்டு சிகிச்சை இருக்கு, எது நல்லது என்று முழுசாத் தெரியாது. இதுவரைக்கும் கிடைச்ச தரவின்படி முதலாவது நல்லது என்றதுக்கு 70 வீதம் வாய்ப்பு. அப்ப அடுத்த நோயாளியை 50க்கு 50 என்று ஏன் பிரிக்கவேணும்? 70 வீத வாய்ப்போட முதலாவதுக்கு அனுப்புங்கோ. முடிவு வந்த உடன திரும்பக் கணக்குப் பாருங்கோ. 80 ஆனால் 80. 40க்கு விழுந்தால் 40.

கணினி படிக்கிறவைக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். ஓம், இதுதான் தொம்சன் சாம்பிளிங். மருந்து உலகம் இதைக் கனகாலம் அலுமாரியில வைச்சுப் பூட்டினது, இணைய உலகம்தான் தூசி தட்டி எடுத்தது. 2011இல யாஹூ ஆராய்ச்சியாளர் ரெண்டு பேர் விளம்பரத்துக்கும் செய்திப் பரிந்துரைக்கும் இது எவ்வளவு நல்லா வேலை செய்யுது என்று காட்டினவை. ரெண்டு தலைப்பில எதை ஆக்கள் கூடக் கிளிக் பண்ணினமோ, அதைக் கூடக் காட்டு, மற்றதையும் இடைக்கிடை காட்டிப் பார். நோயாளிக்காக யோசிச்ச கணக்கு, எங்கட கட்டை விரலுக்காக உழைக்குது.

இதையே குடமா யோசிக்கிற ஒரு வடிவமும் இருக்கு. 1978இல வெய், டர்ஹம் என்ற ரெண்டு பேர் எழுதினது. குடத்தில தொடக்கத்தில வெள்ளைப் பந்து ஒன்று, கறுப்புப் பந்து ஒன்று. எடுத்த நிறத்தின்படி சிகிச்சை. பந்தைத் திருப்பிப் போடவேணும். அந்தச் சிகிச்சை பலித்தால் அதே நிறத்தில இன்னொன்று, பலிக்காட்டி மற்ற நிறத்தில ஒன்று சேர்க்கவேணும். போகப் போகக் குடம் வெல்லுற பக்கம் சாயும். ஆனால் மற்ற நிறம் முற்றாக ஒழிஞ்சு போகாது.

இப்ப மூன்றாவது ஆய்வு. றீமாப்-காப் என்று பெயர். 2016இலயே நியூமோனியாவுக்காகத் தொடங்கினது, ஒரு பெருந்தொற்று வந்தால் உடன திரும்பக்கூடிய மாதிரிக் கட்டி வைச்சிருந்தவை. வந்தது. ஐசியுவில மூச்சுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ உதவி தொடங்கி 24 மணித்தியாலத்துக்குள்ள ஆக்களைச் சேர்த்தினம். ஒழுங்கான இடைவெளியில தரவைப் பார்த்து, குலுக்கல் விகிதத்தை மாத்தினம். 2020 கடைசியில தொசிலிஸுமாப் கோட்டைத் தாண்டினது. 2021 மாசியில வந்த கணக்கு: வழமைச் சிகிச்சையில 397 பேரில 142 பேர் ஆஸ்பத்திரியில இறந்தவை, கிட்டத்தட்ட 36 வீதம். தொசிலிஸுமாப் எடுத்த 350 பேரில 98 பேர், 28 வீதம்.

அப்ப ரெஜ்ஜோ எமிலியா பிழையோ? இல்லை. அவை சேர்த்தது ஐசியுவுக்குப் போகாத, நோய் அவ்வளவு முத்தாத ஆக்கள், அதுவும் டெக்ஸாமெதசோன் வழமையாக முதல். மருந்து ஒன்றுதான், ஆள் வேற, கட்டம் வேற. நாப்போலி ஆய்வாலயும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சிருக்க ஏலாது.

பாலெர்மோவுக்கும் இதுக்கும் மெல்லிய ஒரு நூல் இருக்கு. உறுப்பு மாற்றுக்கு எங்கட ஊரில பெயர்போன இஸ்மெத், சிசிலி மாகாணமும் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து உண்டாக்கினது. றீமாப்-காப்பின் முன்னணி ஆக்களில ஒருத்தரான டெரெக் ஆங்கஸ் அந்தப் பிற்ஸ்பர்க் ஆள்தான். 2020 சித்திரையில அவை அங்க இருக்கிற தங்கட ஆஸ்பத்திரிகளின் கணினி முறைமைக்குள்ளயே இந்தக் குலுக்கலைப் பொருத்தினவை.

பன்னிரண்டு குழந்தைகள்

இதுவரைக்கும் வாசிச்சால் சாயுற குடம்தான் கெட்டிக்காரக் குடம் என்று படும். அதுக்குத்தான் இந்தக் கதை. கொஞ்சம் பாரமானது.

எக்மோ என்றால் எங்கட ஆக்களுக்குத் தெரியும். ஜெயலலிதாவின் கடைசி நாளிலயும், 2020இல எஸ்.பி.பி.யின் கடைசிக் கிழமைகளிலயும் செய்தியில அடிபட்ட மெஷின். இரத்தத்தை வெளியில எடுத்து, ஒட்சிசன் ஏத்தி, திருப்பி உடம்புக்குள்ள விடும். 1980களில இது புதுசு. பிறந்த உடன நுரையீரல் வேலை செய்யாத குழந்தைகளுக்கு, வழமையான வென்டிலேற்றர் நல்லதா, எக்மோ நல்லதா என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில றொபேட் பார்ட்லெற் குழு பார்க்க வெளிக்கிட்டது. நேரான குலுக்கலில பாதிக் குழந்தைகளைச் சாக விடவேண்டி வரும் என்று பயந்து, அந்தக் குடத்தை எடுத்தவை.

முதல் குழந்தை: எக்மோ விழுந்தது. பிழைச்சது. குடத்தில இப்ப எக்மோவுக்கு ரெண்டு, வழமைக்கு ஒன்று.

ரெண்டாவது குழந்தை: வழமைச் சிகிச்சை விழுந்தது. இறந்திட்டுது. குடம் மூன்றுக்கு ஒன்று.

அதுக்குப் பிறகு வந்த பத்துக் குழந்தைக்கும் எக்மோதான். பத்தும் பிழைச்சது. 1985இல கட்டுரை வந்தது: எக்மோவில 11க்கு 11, வழமையில ஒன்றுக்கு பூச்சியம்.

நம்புவீங்களா? அந்தக் காலத்து டொக்டர்மாரில கனபேர் நம்பேல்லை. ஒரே ஒரு குழந்தையை வைச்சு "வழமைச் சிகிச்சை தோத்தது" என்று எப்பிடிச் சொல்லுறது? அந்த ஒரு குழந்தை எல்லாரையும் விடக் கடுமையான நோயோட வந்திருந்தால்? கணக்குச் சரி, ஆனால் அதைப் பார்த்து ஒருத்தரும் மனம் மாறேல்லை.

ஆகவே பொஸ்டனில திரும்பச் செய்தவை. இந்தமுறை விதி வேற: நேராக் குலுக்கு, ஒரு பக்கம் நாலு குழந்தை இறந்தால் அந்தப் பக்கத்தை நிறுத்து. வழமைச் சிகிச்சையில 10 குழந்தையில 4 இறந்தது, எக்மோவில 9இல ஒன்றும் இல்லை. அதுக்குப் பிறகு எக்மோ மட்டும் எடுத்த 20 குழந்தையில ஒன்று இறந்தது. 1989இல வெளிவந்தது. அப்பவும் வாக்குவாதம் ஓயேல்லை.

கடைசியில பிரித்தானியா 1993இல நேரான குலுக்கலோட இறங்கினது. 185 குழந்தைகள். 1996இல முடிவு: எக்மோக் குழுவில 93இல 30 இறந்தது, வழமைக் குழுவில 92இல 54. இதோட கேள்வி முடிஞ்சுது.

அந்த 54ஐக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கோ. அந்த 92 குழந்தைக்கும் எக்மோ கிடைச்சு, மற்றக் குழுவின் அதே வீதத்தில போயிருந்தால், இறப்பு 30க்குக் கிட்ட இருந்திருக்கும். கிட்டத்தட்ட 24 குழந்தைகள். மிச்சிகன்காரர் அந்த இழப்பைத் தவிர்க்கத்தான் குடத்தைச் சாய்ச்சவை. ஆனால் சாய்ச்சபடியால் அவையின்ர விடையை ஆரும் நம்பேல்லை, நம்பாதபடியால் இன்னும் ரெண்டு ஆய்வு தேவைப்பட்டது. இரக்கத்தால மிச்சம் பிடிச்சதை, சந்தேகம் பிறகு வட்டியோட வாங்கிக்கொண்டு போனது என்றுதான் எனக்குப் படுது. வேற மாதிரி நினைக்கிற ஆக்களும் இருக்கினம். பொஸ்டன் முடிவோடயே போதும் என்று நிறுத்தியிருக்கவேணும், பிரித்தானிய ஆய்வே தேவையில்லை என்று வாதாடினவையும் இருந்தினம்.

இன்னொன்று. மிச்சிகனிலயும் பொஸ்டனிலயும் எக்மோ விழுந்த குழந்தைகளின் பெற்றோரிட்டத்தான் அனுமதி கேட்டவை. வழமைச் சிகிச்சை விழுந்தால் கேக்கத் தேவையில்லை, அது எப்பிடியும் கிடைக்கிறதுதானே என்றது அப்ப இருந்த நியாயம். தங்கட பிள்ளையின்ர பெயரில ஒரு பந்து எடுக்கப்பட்டதே தெரியாமல் பெற்றோர் ஆஸ்பத்திரியில நின்றிருக்கினம்.

காலம் செய்யிற களவு

எக்மோ கதையில பிரச்சினை ஆக்கள் காணாது என்றது. ஆக்கள் கூட இருந்தாலும் வாற இன்னொரு பிரச்சினை இருக்கு. அதை ஒரு கற்பனைக் கணக்கால காட்டுறன், கல்குலேற்றர் தேவையில்லை.

அ, ஆ என்று ரெண்டு மருந்து. உண்மையில ரெண்டும் ஒரே மாதிரி, ஒரு வித்தியாசமும் இல்லை. வசந்த காலத்தில 100 பேர் வருகினம், 50க்கு 50. நோய் கடுமை, ரெண்டு பக்கமும் 40 வீதம் இறப்பு: 20, 20. அதிர்ஷ்டவசமாக இடையில ஏதோ ஒரு சின்ன ஏற்றத்தாழ்வால குடம் அ பக்கம் சாய்ஞ்சிட்டுது என்று வையுங்கோ. இலையுதிர் காலத்தில அடுத்த 100 பேர், 80க்கு 20. இதுக்கிடையில எல்லா ஆஸ்பத்திரியிலயும் சிகிச்சை முன்னேறிட்டுது, இறப்பு 25 வீதம்தான். அ பக்கம் 80இல 20, ஆ பக்கம் 20இல 5.

இப்ப மொத்தம். அ: 130 பேரில 40, ஏறக்குறைய 31 வீதம். ஆ: 70 பேரில 25, ஏறக்குறைய 36 வீதம். ஒரு வித்தியாசமும் இல்லாத மருந்து ஐந்து வீதம் நல்லதாத் தெரியுது. காலம் செய்த வேலைக்கு மருந்து பெயர் எடுக்குது.

2020இல இது வெறும் கற்பனை இல்லை. ஆனி 16ஆம் திகதி டெக்ஸாமெதசோன் முடிவு வந்த பிறகு ஐசியு சிகிச்சையே மாறினது. றீமாப்-காப் ஆக்கள் முட்டாள்கள் இல்லை, காலத்தைத் தனியாக் கணக்கில எடுக்கிற மாதிரித்தான் மாதிரியைக் கட்டினவை. ஆனால் அதுக்குப் பெரிய கணக்கு வேணும், அந்தக் கணக்கின்ர எடுகோள்களை நம்பவேணும். நேரான குலுக்கலுக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில ஒரே அளவில வருகினம், கழிச்சுப் பார்த்தால் போதும். அதே வருஷம் மைக்கல் புரோஷன், ஸ்கொற் எவன்ஸ் என்ற ரெண்டு புள்ளியியல் அறிஞர்கள் இந்தச் சபலத்துக்கு இடம் குடுக்காதேங்கோ என்ற கருத்தில கட்டுரையே எழுதினவை.

அவைக்குக் கிடைச்ச நல்ல உதாரணம் பிரித்தானியாவின் றிக்கவரி ஆய்வு. சாயாத குடம், நேரான குலுக்கல். தொசிலிஸுமாப்புக்கு மட்டும் 4,116 பேர். மருந்து எடுத்தவையில 31 வீதம் இறப்பு, எடுக்காதவையில 35. றீமாப்-காப் சொன்னதை வேற வழியால உறுதிப்படுத்தினது. எளிமையா இருந்தபடியால் சின்ன ஆஸ்பத்திரிகளும் சேர்ந்தது, சேர்ந்தபடியால் ஆக்கள் வேகமா வந்தினம்.

என்ர அபிப்பிராயம்: ரெண்டே ரெண்டு தெரிவு இருக்கிற ஆய்வில குடத்தைச் சாய்க்கிறதால பெரிய லாபம் இல்லை. தெரிவு ஐந்து ஆறு இருந்தால் கதை வேற. அப்ப தோக்கிற மருந்துகளில ஆக்களை வீணாக்காமல், வெல்லக்கூடியதில கூட ஆக்களைச் சேர்க்கலாம். அதுக்கு நல்ல உதாரணம் எண்ட்-டிபி. மருந்துக்கு மசியாத காசநோய்க்கு ஐந்து புது மருந்துக் கூட்டுகளை ஒரே நேரத்தில பார்த்த ஆய்வு, ஜோர்ஜியா, பெரு, பாகிஸ்தான், இந்தியா என்று ஏழு நாடுகளில 754 பேர். முதல்ல நேராத் தொடங்கி, பிறகு சளிப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துப் பார்த்து விகிதத்தை மாத்தினவை. அந்தக் கணக்கை வடிவமைச்ச கட்டுரையில மத்தேயோ செல்லாமாரே, லொரென்ஸோ த்ரிப்பா என்று இத்தாலியன் பெயர்களும் இருக்கு. முன்னைய சிகிச்சை ஒன்றரை, ரெண்டு வருஷம் கூட இழுக்கும். ஒன்பது மாசக் குளிசைக் கூட்டுகளில மூன்று அதுக்குக் குறையாதவை என்று நிரூபணமாச்சு. உலக சுகாதார அமைப்பு 2024இல அந்த மூன்றையும் பரிந்துரைச்சது. சேத்துப்பட்டுக் குலுக்கலின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

அப்பாவுக்கு எப்பிடிச் சொல்லுறது

"ரந்தொமிட்ஸாட்ஸியோனே" என்றதுக்கு எழுந்தமானம், சமவாய்ப்பு என்று பாடப்புத்தகச் சொற்கள் இருக்கு. வீட்டில ஆருக்கும் விளங்காது. திருவுளச்சீட்டு என்றால் உடன விளங்கும். ஆனால் அதில கடவுள் தெரியிறார் என்ற வாசம் இருக்கு, அதனால நான் குலுக்கல் என்றே சொல்லுவன்.

பெரிய ஆபத்து "அதத்தீவா" என்ற சொல்லில இருக்கு. "நல்ல மருந்துப் பக்கம் சாய்க்கினம்" என்று நீங்கள் சொன்ன உடன, அப்பாவின் காதில விழப்போறது "எனக்கு நல்ல மருந்து தருவினம்" என்று. எங்கட ஆக்களுக்கு டொக்டரில இருக்கிற மரியாதை அப்பிடி. அது உண்மை இல்லை. சாய்ஞ்ச குடத்திலயும் மற்றப் பந்து வரலாம். முந்தி வந்தவைக்கு என்ன நடந்தது என்றதை வைச்சுத்தான் அது சாயுது, முதல் ஆக்களுக்கு அது சாயவே இல்லை. இந்த முறையில வரிசையில பின்னுக்கு நிக்கிறவருக்குத்தான் வாய்ப்புக் கூட. முன்னுக்கு நிக்கிறவர் அவருக்காகச் செய்து குடுக்கிறார்.

நான் இப்பிடிச் சொல்லுவன்: "அப்பா, ரெண்டு மருந்தில எது நல்லது எண்டு அவைக்கே இன்னும் தெரியாது. குலுக்கித்தான் தருவினம். இதுவரைக்கும் எது நல்லாப் போகுதோ அதுக்குக் கொஞ்சம் கூடச் சீட்டுப் போட்டிருக்கு. எண்டாலும் உங்களுக்கு மற்றது விழலாம். விருப்பமில்லாட்டி இப்பவும் வேண்டாம் எண்டு சொல்லலாம், பிறகும் விலகலாம். விலகினாலும் வழமையான வைத்தியம் குறையாது."

டொக்டரிட்டக் கேக்கவேண்டியது: எத்தனை தெரிவு இருக்கு? இன்றைக்கு விகிதம் என்ன, அதைச் சொல்லுவீங்களா? கனக்க ஆய்வுகளில சொல்ல மாட்டினம், சொன்னால் ஆர் வெல்லுறது என்று வெளியில தெரிஞ்சுடும், அது நியாயமான காரணம்தான். வழமைச் சிகிச்சை விழுந்தால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? நடுவில ஒரு மருந்தை நிறுத்தினால் அதில இருக்கிற ஆளுக்கு அறிவிப்பீங்களா? அவசரம் என்றால் இந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது கேளுங்கோ. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாமா என்றும் கேக்கலாம். "மெதியதோரே குல்துராலே" இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கோ. மகனோ மகளோ மொழிபெயர்க்கேக்க, அப்பா பயத்தை வெளியில காட்டாமல் தலையாட்டுறதுக்கு வாய்ப்புக் கூட.

2022 தை 31இல இருந்து ஐரோப்பாவில நடைமுறைக்கு வந்த மருந்துப் பரிசோதனைச் சட்டம், 536/2014, ரெண்டு விஷயத்தை உங்கட கையில தருது. ஒன்று, தகவலைச் சாதாரண ஆளுக்கு விளங்கிற மாதிரித் தரவேணும், நேரில இருந்து கதைக்கவும் வேணும். வெறும் தாளை நீட்ட ஏலாது. மற்றது, ஆய்வு முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள முடிவின் சுருக்கத்தை எளிய மொழியில பொதுவில போடவேணும். அப்பா சேர்ந்த ஆய்வின் இலக்கத்தைப் படிவத்தின் முதல் பக்கத்தில இருந்து ஃபோனில ஒரு படம் எடுத்து வையுங்கோ, பிறகு தேட உதவும்.

அடுத்த எபிசோட்டில தொம்சன் சாம்பிளிங்கை இருபது வரிப் பைத்தன் கோடில எழுதி, மேல சொன்ன அ, ஆ கணக்கை பத்தாயிரம் தடவை ஓட விட்டுப் பார்ப்பம். லாப்டொப்பைச் சார்ஜ் பண்ணி வையுங்கோ.